மறு: "வைர அணுக்கம்" வேணாம்ணே, "பந்தல் இதழ்" எப்படி?

> நம்ம கலைச்சொல் பட்டியல்ல, ஆராய்ச்சி இதழ்கள்ல வர்ற டைமண்ட் ஓப்பன் ஆக்சஸுக்கு "வைரத் திறந்த அணுக்கம்"னு போட்டுக்கலாமா?

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இது சரியா படல. படிக்கிறவங்களும் காசு குடுக்க வேணாம் எழுதுறவங்களும் குடுக்க வேணாம், அதான் விஷயமே, அதுக்குப் போயி வைரம்னு பேரு வெச்சா நம்ம ஆளுங்களுக்கு நகைக்கடை வெலைதான் ஞாபகம் வரும்.

ஜேஎம்எல்ஆர்னு (ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்) ஒரு ஆராய்ச்சி இதழ், அதோட கதையையே எடுத்துக்குங்க. 1986ல ஆரம்பிச்ச 'மெஷின் லேர்னிங்' இதழ் க்ளூவர் பதிப்பகம் கையில இருந்துச்சு, எழுதுறதும் ஆராய்ச்சியாளருங்க, படிச்சுப் பாத்து சரி தப்பு சொல்றதும் அவங்களே, ஆனா அதே கட்டுரைய அவங்க யுனிவர்சிட்டி லைப்ரரி காசு கட்டித்தான் வாங்கணும். அதுக்கு மாத்தா 2000ல லெஸ்லி கேல்ப்ளிங்ங்கிற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் தலைமையில ஜேஎம்எல்ஆர் வந்துச்சு, நெட்ல யாரு வேணா படிக்கலாம், காப்பிரைட்டும் எழுதுனவங்ககிட்டயே. அடுத்த வருஷம் பழைய இதழோட ஆசிரியர் குழுவுல 40 பேரு ஒரே கடுதாசில கையெழுத்து போட்டு வெளிய வந்துட்டாங்க!

அப்ப செலவு யாரு பாக்குறா? எடிட்டருங்க சம்பளம் வாங்கல, வெப்சைட்டுக்கு அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி யுனிவர்சிட்டி இடம் குடுத்துச்சு. ஹார்வர்டு பேராசிரியர் ஸ்டுவர்ட் ஷீபர் 2012ல கணக்கு போட்டு ஒரு கட்டுரைக்கு சுமார் ஆறரை டாலர்னு எழுதுனாரு.

இத படிச்சப்ப எனக்கு தைப்பூசம்தான் ஞாபகம் வந்துச்சு. இங்க பினாங்குல தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போறப்ப வழி நெடுக தண்ணீர்ப் பந்தல், கம்பெனிக்காரங்க போடுறாங்க, பசங்க கூட்டா சேந்து போடுறாங்க, மோரு குடிக்கிறவன்கிட்ட ஒரு வெள்ளி (ரிங்கிட்) கேக்க மாட்டாங்க, ஊத்திக் குடுக்கிறவனும் கைக்காசு கட்டிட்டு வந்து நிக்கல. செலவ வேற யாரோ ஏத்துக்கிறாங்க. ரெண்டு பக்கமும் இலவசம், ஆனா சும்மா வந்துடல. "இலவச இதழ்"னு சொன்னா இந்த அர்த்தம் வராது, கோயில் வாசல்ல குடுக்குற நோட்டீஸ் மாதிரி ஆயிடும். அதான் "பந்தல் இதழ்".

கல்யாணப் பந்தல்னு சிலரு நினைக்கலாம். நினைக்கட்டும்லா, அங்கயும் சாப்பாட்டுக்கு பில்லு போட மாட்டாங்க.

— பினாங்குலேந்து

> அதான் "பந்தல் இதழ்".

தங்கச்சி, வைரத்த வாபஸ் வாங்கிக்கிறேன். பட்டியல்ல மட்டும் பிரிச்சே எழுதும்மா, "பந்தலிதழ்"னு சேத்தா ஏதோ பூ பேரு மாதிரி இருக்கு. எழுதுறவங்க காசு கட்டுற கோல்டு ஓப்பன் ஆக்சஸுக்கு என்ன பேருன்னு நாளைக்கு பாப்போம், நான் இன்னும் பசியாறல.

— கோலாலம்பூர்லேந்து