முதல் கத்தி கைக்கு வந்த கதை

காவிரிக்கரை:

கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு நினைவுக்கு வருவது செய்தித்தாளில் படித்த வெட்டுக்குத்து. எனக்கு நினைவுக்கு வருவது மாம்பழம். கோடை விடுமுறையில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, இடுப்பு மடியிலிருந்து சின்ன மடக்குக் கத்தி ஒன்றை எடுப்பார். கட்டைவிரல் நகத்தால் அலகை நெம்பித் திறந்து, பழத்தின் தோலை அறுபடாத ஒரே நாடாவாகச் சீவி முறத்தில் விடுவார். அதே கத்திதான் எங்கள் பென்சிலைச் சீவும், வாழைநாரைக் கிழிக்கும், காலில் தைத்த முள்ளை எடுக்கும். நாங்கள் கேட்டால் கையில் தர மாட்டார். "கத்தியைக் கைக்குக் கை மாத்தினா சண்டை வரும்டா" என்று தரையில் வைப்பார். அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றும் யாருக்குக் கத்தி கொடுத்தாலும் மேசைமேல் வைத்துத்தான் கொடுக்கிறேன்.

தாத்தா ஊர்க் கணக்குப்பிள்ளை. 1980இல் அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது கணக்குக் கட்டுகளை ஒப்படைத்தவர். கத்தி மட்டும் அதற்குப் பிறகும் பதினாறு ஆண்டுகள் மடியிலேயே இருந்தது. அவர் காலமான பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தார். அன்றைக்குத்தான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அலகின் அடியில் மங்கலாக ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு சிலுவை, கீழே ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு என்ற எழுத்துகள். உருப்பெருக்கியை வைத்தால் ஜி, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கிரீடம்.

ஒரு மாதம் அந்த முத்திரைகளின் பின்னாலேயே அலைந்தேன். நட்சத்திரமும் சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். 1851இல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சிக்காக, 75 அலகுகளும் கருவிகளும் ஒரே பிடியில் விரியும் ஒரு கத்தியைச் செய்து காட்டியவர்கள் அவர்கள். கிரீடத்தோடு வரும் அந்த இரண்டு எழுத்து ஜார்ஜ் மன்னரைக் குறிப்பது. ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோ, எப்படியும் 1910க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலம். தாத்தா வேலைக்குச் சேர்ந்த வயதோடு அது பொருந்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேனாக்கத்தி என்ற சொல்லின் பொருளும் அப்போதுதான் விளங்கியது. சட்டைப்பையில் பேனாவோடு இருப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். இறகை வெட்டிப் பேனா செய்யவும், எழுதி மழுங்கிய முனையைச் சீவவும் உருவான கத்தி அது.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது முத்திரை அல்ல, தேய்மானம். அலகு பாதி அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. திண்ணைப் படியின் கருங்கல்லில் தீட்டித் தீட்டி வந்த தேய்மானம். அந்தப் படியில் அதற்கு ஈடாக ஒரு குழி இருக்கிறது. கத்தியை அங்கே கொண்டுபோய்க் குழியில் வைத்துப் பார்த்தேன். அன்றுமுதல் நான் கத்தி சேர்ப்பவன்.

உங்களுக்கு எப்படித் தொடங்கியது? கடைக் கண்ணாடிக்குள் பார்த்து ஆசைப்பட்டதா, யாராவது கையில் பார்த்ததா? விரிவாகவே எழுதுங்கள்.

பட்டறைவாசல்:

எனக்குத் திருப்பாச்சேத்தியில் தொடங்கியது. மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கும் ஊர், அரிவாளுக்குப் பேர் போனது. எல்லோரும் வீச்சரிவாளை நினைப்பார்கள். நான் போனது கதிர் அறுக்கும் கருக்கரிவாளுக்கு.

நான் இடது கைக்காரி. சின்ன வயதில் பீச்சாங்கை என்று திட்டு வாங்கி வாங்கி, எழுதுவதற்கு மட்டும் கையை மாற்றிக்கொண்டேன். மற்ற வேலைக்கு மாறவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் வயல் இருந்தது. அங்கே கையில் எடுத்த எந்த அரிவாளும் எனக்கு ஒத்துழைக்கவில்லை. தாளை அறுக்காமல் இழுத்தது, விரலை நோக்கித் திரும்பியது. பழக்கமில்லாத பிள்ளை என்று மாமியார் நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பட்டறையில் நான் ஒரு அரிவாளை எடுத்துக் காற்றில் இழுத்துப் பார்த்ததைக் கொல்லர் கவனித்துவிட்டார். "இடது கையா தாயி? இது உனக்கு ஆகாது. பல்லு எல்லாம் ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு, பாரு" என்று திருப்பிக் காட்டினார். கருக்கரிவாளின் பல்லை உளியால் ஒரு முகத்தில் மட்டும் வெட்டுவார்கள். வலது கையில் பிடித்தால் அந்த முகம் சரியான பக்கம் இருக்கும். இடது கையில் எல்லாம் தலைகீழ். முப்பது வயது வரைக்கும் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

"செஞ்சு தர முடியுமாண்ணே?" என்றேன். "ஒரு மணி நேரம் உக்காரு" என்றார். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை நறுக்கி உலையில் வைத்தார். பையன் துருத்தியைச் சுற்ற, இரும்பு செந்நிறம் தாண்டி ஆரஞ்சுப் பழ நிறத்துக்கு வந்தது. இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி போட்டார்கள். வளைவு வந்ததும் பல் வெட்டினார், எனக்காக எதிர் முகத்தில். கடைசியாகத் தோய்ச்சல். முழு அரிவாளையும் தண்ணீரில் போடவில்லை. வாய்ப்பகுதியை மட்டும் முக்கி எடுத்து, நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து மறுபடி முக்கினார். வாய் கெட்டியாக வேண்டும், முதுகு அப்படி ஆகிவிட்டால் கல்லில் பட்டதும் முறிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த வருடம் அறுப்பில் நான் யாருக்கும் பின்தங்கவில்லை.

இப்போது வீட்டில் பதினான்கு இருக்கின்றன. சீமைக்கருவேலம் வெட்டும் அரிவாள், பனையேறியின் பாளை அரிவாள், தேங்காய்த் துருவி வைத்த இரண்டு அரிவாள்மனை, மாட்டுக்குத் தட்டை நறுக்கும் கத்தி. ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். அய்யனார் கோயிலிலும் கருப்பசாமி கோயிலிலும் நேர்த்திக்கடனாக நட்டு வைத்திருக்கும் பெரிய அரிவாள்களை விலை பேசித் தரட்டுமா என்று ஒரு வியாபாரி கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். சாமிக்குச் செய்தது அங்கேயே இருக்கட்டும். சேர்ப்பவர்கள் தயவுசெய்து இதற்கு விலை கொடுக்காதீர்கள்.

சிவப்புப்பிடி:

சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்த விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கத்தி. எனக்கு அப்போது பதினொரு வயது. அதில் இருந்த சின்னக் கத்தரிக்கோலின் ஸ்பிரிங்கை மணிக்கணக்காக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வளர்ந்த பிறகுதான் அந்தப் பெயரின் கதை தெரிந்தது. 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், அம்மா விக்டோரியா இறந்த 1909இல் அவர் பெயரையே கத்திக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகு வந்ததும் 1921இல் அதற்கான பிரெஞ்சுச் சொல்லின் பாதியான இனாக்ஸ் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. அம்மா பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் மதிப்பு இரண்டு மடங்கு.

சித்தப்பாவின் கத்தி இப்போது என்னிடம் இல்லை. ஒரு விமான நிலையத்தில் கைப்பையின் பக்கவாட்டு அறையில் மறந்துபோய் வைத்திருந்தேன். சோதனையில் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போய்ப் பெரிய பையில் வைக்க நேரம் இல்லை. பதினான்கு ஆண்டு ஆகிறது, அந்தப் பெட்டியில் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதே மாதிரிக் கத்தி மூன்று வாங்கிவிட்டேன். எதுவும் அது இல்லை. பயணத்துக்கு முதல் நாள் இரவே பையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

மலைநாட்டான்:

எங்கள் அப்பா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டினவர். தேயிலைச் செடியைச் சில வருசத்துக்கு ஒருக்கா இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. கொழுந்து பறிப்பது பெண்கள், கவ்வாத்து ஆண்கள். அந்தக் கத்தியை லயத்து வாசலில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், அந்திக்கு அப்பா தீட்டுகிற சத்தத்தில்தான் நாங்கள் பாடம் படித்தோம். வாது, அதாவது கிளை, சாய்வாக வெட்டுப்பட வேண்டும், வெட்டின இடத்தில் மழைத்தண்ணி தங்கக் கூடாது, பிளக்கவும் கூடாது. ஒரே வீச்சு. ஒரு செடிக்கு எத்தனை வாது, ஒரு நாளைக்கு எத்தனை செடி என்று யோசித்துப் பாருங்கள். மழுங்கின கத்தி என்றால் அன்றைக்குத் தோள் போச்சு.

பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே கண்ணாடிக்குள் பிஹா கெத்த. கண்டி அரசர் காலத்துப் பிரபுக்கள் இடுப்பில் செருகின கத்தி. பிடி முழுக்க வெள்ளியும் கொடிவேலைப்பாடும், அலகின் முதுகிலும் கொடி ஓடுது. வாத்தியார் கூப்பிடக் கூப்பிட நான் நகரவில்லை. எனக்கு அங்கே தோன்றியது அப்பாவின் கத்திதான். இரண்டையும் யாரோ ஒரு ஆசாரி அடித்துத்தான் செய்திருக்கிறார். ஒன்று கண்ணாடிக்குள் இருக்கு, மற்றது எங்கள் கூரைத் தகரத்தில் செருகிக் கிடக்கு. பிறகு, கண்டிக் கைவினைஞர்களைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலைத் தேடிப் பிடித்து, அகராதியோடு உட்கார்ந்து படித்தேன்.

பிஹா கெத்த வாங்க எனக்கு வசதி இல்லை. அதனால் வேலைக் கத்திகளைச் சேர்க்கிறேன். இறப்பர் பால் வெட்டும் கத்தி: மரத்தின் உள்தண்டில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவதற்கு அதன் நுனி மடிந்திருக்கும். கறுவா உரிக்கிற கத்தி, அதோடு கூடவே வருகிற பித்தளைக் கோல். கோலால் பட்டையை நன்றாகத் தேய்த்துத் தளர்த்தின பிறகுதான் உரிப்பார்கள். கோல் இல்லாமல் கத்தியை மட்டும் வாங்கி வைப்பது பாதிப் பொருளை வாங்குவது மாதிரி. அப்பாவின் கத்தி இப்போது என் அலுமாரியில், முதல் தட்டில்.

புதியவன்:

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். பாக்குவெட்டி கத்திக் கணக்கில் சேருமா? பாட்டியின் கிளி மூக்குப் பாக்குவெட்டி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. இன்னொன்று, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமா ஒரு குக்ரி, அதாவது கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தி, தருவதாகச் சொல்கிறார். வைத்துக்கொள்ளலாமா?

காவிரிக்கரை:

பாக்குவெட்டியைச் சேர்க்காமல் எப்படி? அலகு இருக்கிறது, கூர் இருக்கிறது, பாட்டியின் கை பட்டிருக்கிறது. வரவேற்கிறோம்.

குக்ரி விஷயத்தில் கொஞ்சம் கவனம். இந்திய ஆயுத விதிகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அந்தக் கத்தி ஆயுதம் என்ற வகையில் வருகிறது. குக்ரியின் பெயரையே அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு, அதனால் சகோதரியின் பதினான்கும் வேறு கணக்கு. முதலில் அலகை அளந்து பாருங்கள். வாங்குவதானால் உறையின் பின்புறமும் பாருங்கள். இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்க வேண்டும். ஒன்று கூரானது, சில்லறை வேலைக்கு. மற்றது கூரில்லாதது, பெரிய கத்தியைத் தீட்டுவதற்கு. பல குடும்பங்களில் இந்தக் குட்டிகள்தான் முதலில் தொலைந்துபோகும்.

இடது கை அரிவாளை இரண்டு முறை படித்தேன். எனக்கும் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது ஒரு கத்தி. பிரான்சிலிருந்து வந்த நண்பர் ஒப்பினெல் எட்டாம் எண் கொடுத்தார். பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890இல் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. முதல் நாளே எலுமிச்சை நறுக்கினேன், அலகு கறுத்துவிட்டது. பாழாக்கிவிட்டேன் என்று சாம்பல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். கார்பன் எஃகு அப்படித்தான் கறுக்கும், அந்தக் கருமை படிந்தால் சிவந்த துரு எளிதில் ஏறாது என்று பிறகு தெரிந்தது. அப்புறம்தான் உறைத்தது, தாத்தாவின் கத்தியும் கறுப்பாகத்தான் இருந்தது. மாம்பழப் புளிப்பு.

இன்னொரு செய்தி. நேற்று அத்தையிடம் பேசியபோது, பரணில் தாத்தாவின் அப்பாவுடைய ஓலைச்சுவடிப் பெட்டி இருக்கிறது, அதில் "மடங்குற இரும்பு ஒண்ணு" கிடக்கிறது என்றார். மடக்கெழுத்தாணியாக இருக்குமோ என்று தூக்கம் வரவில்லை. ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலையின் ஓரம் வாரும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். கணக்குப்பிள்ளை வீட்டில் பேனாக்கத்தி வருவதற்கு முன்னால் அது இருந்திருக்க நியாயம் உண்டு. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். எண்ணெய் போட்டு மெதுவாகத் திறந்து, அது எதுவாக இருந்தாலும் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.