டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பிப்பது பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. மேனுவல் டெஸ்டிங் வேலை, அதாவது சாஃப்ட்வேரை நாமே இயக்கிப் பார்த்துச் சோதிக்கும் வேலை தேடுகிறேன். சோதனையைத் தானாக ஓட்டும் செலீனியம் என்ற டூலும் ஓரளவு தெரியும். விண்ணப்பித்தால் பெரும்பாலும் பதிலே வருவதில்லை. ‘டெஸ்ட் கேஸ் எழுதுவேன், பக் ரிப்போர்ட் செய்வேன்’ என்று எல்லோரும்தான் ரெஸ்யூமேயில் போடுகிறார்கள். அதனால் பயிற்சிக்கென்றே இருக்கும் ஒரு டெமோ தளத்தைச் சோதித்து, டெஸ்ட் கேஸ்கள், பக் ரிப்போர்ட்கள், கொஞ்சம் ஆட்டோமேஷன் கோடு எல்லாவற்றையும் கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டு லிங்க் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆள் எடுப்பவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்களா?

அப்புறம், டெஸ்டிங் சான்றிதழுக்கான ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் தேர்வுக்குப் பணம் கட்டுவதா, இல்லை அந்த நேரத்தில் போஸ்ட்மேன் என்ற டூலில் ஏபிஐ டெஸ்டிங் (சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இணைப்பைச் சோதிப்பது) பழகுவதா? இரண்டாவதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. ஆனால் சில விளம்பரங்களில் சான்றிதழையும் கேட்கிறார்கள். இன்டர்வியூ எடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரெஸ்யூமேயைப் பார்த்துத் தயங்காமல் குறை சொல்ல ஆளிருந்தால், பெயரும் எண்ணும் நீக்கி அனுப்புகிறேன்.