மூன்று நாள் மழையில் நனைந்த கோதுமை: காயவைத்தால் சரியாகாதா?

செல்வி, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டிலேயே சப்பாத்தி போட்டு நாலு கடைகளுக்குக் கொடுக்கிறேன். என் மகன் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் வடக்கே மோரி பக்கத்தில், அறுவடைக்கால வேலை பார்க்கிறான். விவசாயிகள் லாரியில் கொண்டுவரும் கோதுமையில் மாதிரி எடுத்துச் சோதிப்பது அவன் பொறுப்பு. நமக்கு மழை கொட்டும் நவம்பர், டிசம்பரில்தான் அங்கே அறுப்பு முடியும், கோடையும் பிறக்கும். இந்த வருடம் அங்கேயும் மழை விடவில்லை.

போன வாரம் ஒரு பெரியவர் வந்திருக்கிறார். மழைக்கு முன்னால் அறுத்த லாரிக்கு நல்ல விலை கிடைத்தது. அப்புறம் மூன்று நாள் மழை. ஐந்து நாள் வெயிலில் காயவிட்டு, அதே வயலின் மீதியை அறுத்துக் கொண்டுவந்தார். ஈரம் 11.8 சதவீதம், வரம்பு 12.5. மணி பார்க்க நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் ஃபாலிங் நம்பர் என்ற சோதனையில் 180 வந்ததால் தீவன விலைதான் என்றாகிவிட்டது. இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். 176. ஒன்றும் பேசாமல் லாரியில் ஏறி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். அதைச் சொல்லும்போது என் பிள்ளைக்குக் குரலே வரவில்லை.

நெல் நனைந்தால் காயவைக்கிறோம். ஈரம் போனபின் கோதுமையில் என்ன குறை இருக்கும்? அந்தச் சோதனை நியாயமானதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலா, பாரிட் புந்தார்:

அக்கா, மழையில் நெல்லுக்கும் இதே பாடுதான். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். போன சீசனில் மாமா வயலில் மெஷின் சேற்றில் இறங்க முடியாமல் எட்டு நாள் காத்திருந்தோம். ஆலையில் ஈரத்துக்கும் பதருக்கும் பொத்தோங்கான் என்று கழித்துக்கொண்டதில் கையில் வந்தது கொஞ்சம்தான். ஆனால் காய்ந்து வந்த தானியத்தை ஏன் கழிக்கிறார்கள் என்பது எனக்கும் புரியவில்லை.

மாவாலைக்காரர், கிள்ளான்:

தங்கச்சி செல்விக்கு, நான் 22 வருடம் கோதுமை மாவு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். சோதனை நியாயமானதுதான்.

உங்கள் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்திருப்பீர்கள். அந்த மாவில் கஞ்சி காய்ச்சினால் சாதாரணக் கேழ்வரகு மாதிரி கெட்டிப்படாது, தண்ணீராக ஓடும். முளைக்கும் விதை தன் குருத்துக்குச் சாப்பாடு போட, உள்ளே இருக்கும் மாவுச்சத்தை அமிலேஸ் என்ற நொதியால் சர்க்கரையாக உடைக்கிறது. முளைகட்டிய தானியத்தைக் காயவைத்தால் வேர் வளர்வது நிற்கும். நொதி அப்படியே இருக்கும். தண்ணீரும் சூடும் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். வயலில் நின்ற கோதுமைக்கும் மழை இதைத்தான் செய்தது. வெளியே முளை தெரியும் முன்பே உள்ளே தொடங்கிவிடுவதால்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆஸ்திரேலியக் கோதுமை வெள்ளைத் தோல் ரகம். சிவப்புத் தோல் ரகங்களைவிட அதற்குத் தூக்கம் குறைவு, ஈரம் பட்டால் சீக்கிரம் விழித்து முளைக்கத் தொடங்கிவிடும்.

அந்தச் சோதனையும் கஞ்சி காய்ச்சுவதுதான். 7 கிராம் மாவு, 25 மில்லி தண்ணீர், கண்ணாடிக் குழாய், கொதிநீர். ஒரு நிமிடம் கலக்கிவிட்டுக் கலக்குகோலை விட்டுவிடுவார்கள். கஞ்சி கெட்டியாக இருந்தால் கோல் மெதுவாக இறங்கும். தொடக்கத்திலிருந்து அது அடியைத் தொடும்வரை எத்தனை நொடி என்பதே அந்த எண். அங்கே மாவுக்குப் போகும் நல்ல ரகங்களுக்கு 300 கேட்பார்கள். 180 வந்த மாவில் நீங்கள் சப்பாத்தி போட்டால் மாவு பலகையில் ஒட்டும். ரொட்டி சுட்டால் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை. அதனால்தான் தீவனத்துக்கு எடுக்கிறார்கள்.

2010-இல் ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவானதிலேயே அதிக மழை பெய்த வசந்தகாலம். அறுவடையிலும் மழை தொடர்ந்து, கிழக்கு மாநிலங்களில் ஏராளமான கோதுமை தீவனமாகத் தரம் இறங்கியது. அதே வருடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதி வறண்டு கிடந்தது. அந்தச் சீசன் முழுக்க, கப்பல் சரக்கு வந்தால் முதலில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அந்தப் பெரியவருக்கு முக்கியமாக ஒன்று சொல்லும்படி மகனிடம் சொல்லுங்கள். மழைக்கு முன் அறுத்ததோடு பின் அறுத்ததைக் கலந்துவிடவே கூடாது. 300-ஐயும் 180-ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 240 வரும் என்று நினைப்பார்கள். ஏறக்குறைய 220-தான் வரும். கொஞ்சம் முளைத்த தானியம் நல்லதையும் சேர்த்து இழுத்துவிடும். ஒவ்வொரு வயலுக்கும் தனி மாதிரி வேண்டும். இங்கிலாந்தில் அறுப்பில் மழை வழக்கம் என்பதால் ஈரத்தோடு அறுத்துப் பண்ணையிலேயே உலர்த்தி இயந்திரத்தில் காயவைக்கிறார்கள். முளைக்கும் முன் அறுத்தால் காயவைப்பது கைகொடுக்கும்.

செல்வி, சுங்கை சிப்புட்:

ஐயா, ரொம்ப நன்றி. நேற்றே இரண்டு அடுப்பில் இரண்டு கஞ்சி காய்ச்சிப் பார்த்தேன். பேத்திக்கு வைத்திருந்த முளைகட்டிய மாவு ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று. கடை மாவு கரண்டியில் நின்றது. முளைகட்டியது மோர் மாதிரி வழிந்தது. படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவினவர். விடியுமுன் நிரைக்குப் போய் எல்லா மரத்தையும் சீவி முடித்திருப்பார். கோப்பை பாதி நிறையும் நேரத்தில் மழை வந்தால் பால் கரைந்து மரத்தடியில் வெள்ளையாக ஓடும். நனைந்த சேலையோடு லயத்துக்கு வந்து ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெரியவர் லாரியில் உட்கார்ந்திருந்தார் என்றதும் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

அவருக்கு இன்னும் இரண்டு வயல் அறுக்க இருக்கிறதாம். இரண்டிலும் கதிர் பறித்துத் தனித்தனிப் பையில் வியாழக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். ஒரு வயலில் பாதி மேடு, பாதி பள்ளம். அதற்கு ஒரு பை போதுமா?

மாவாலைக்காரர், கிள்ளான்:

இரண்டு பை. பள்ளத்தில் ஈரம் அதிக நேரம் நிற்கும், அங்கே விழித்திருந்தாலும் மேட்டில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி வந்தால் மேட்டை முதலில் தனியாக அறுக்கட்டும். வியாழக்கிழமை எண் தெரிந்ததும் எழுதுங்கள்.