மெமரேட்டுக்குத் தமிழில் ‘பட்டகதை’ சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

பேய், ஆவி போன்ற ஏதோ ஒன்று தனக்கே நேர்ந்ததாக ஒருவர் சொல்லும் கதையை நாட்டார் வழக்காற்றியலில் ‘மெமரேட்’ என்கிறார்கள். இந்த இழையில் அந்தச் சொல்லுக்கு இதுவரை வந்த பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதிவைத்துத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நினைவுக்கதை, அனுபவக்கதை, மெய்க்கதை, கண்டகதை. நான்கையும் தந்தவர்களுக்கு நன்றி. பல நாட்டுப் பேய்க்கதைகளை மொழிபெயர்த்து, கூடவே குறிப்பும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு சொல் இல்லாமல் குறிப்பு நகரமாட்டேன் என்கிறது.

புதிதாக இழையில் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் ‘மேர்ஷென்’ (மாயாஜாலக் கதை) தொகுப்பையும், 1816இல் ‘ஸாகெ’ (ஊர்வழக்குக் கதை) தொகுப்பையும் தனித்தனியாக வெளியிட்டார்கள். மேர்ஷென் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நடக்கலாம். ஸாகெ அப்படி இல்லை, அதற்கு ஊரும் பேரும் உண்டு, நடந்ததாகவே சொல்வார்கள். அந்த இரண்டாவது குவியலிலும் இரண்டு சரக்கு கலந்துகிடக்கிறது என்று பிரித்துக் காட்டியவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் சீடோ. (நடிகர் மேக்ஸ் ஃபான் சீடோவின் தந்தை.) ஒருவர் தனக்கே நேர்ந்ததாகச் சொல்வதற்கு 1934இல் அவர் வைத்த பெயர்தான் மெமரேட்.

இந்தப் பிரிவினை ஏட்டுக்கு மட்டும் உரியதல்ல. என் சித்தி ஒன்று சொல்வார். “மணி மூணு இருக்கும்” என்றுதான் தொடங்குவார். விழிப்பு வந்துவிட்டது, கண் திறந்திருக்கிறது, கடிகாரம் ஓடுவது கேட்கிறது, ஆனால் கை கால் அசையவில்லை. நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டுவார். எத்தனை தடவை சொன்னாலும் அதே இடத்தில் அதே கை. அது பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டால், “தெரியாது, பாரம்தான் தெரிந்தது” என்பார். பல வருஷம் கழித்து இதே சம்பவத்தை இன்னொரு உறவினர் வாயால் கேட்டேன். அதற்குள் பாரத்துக்கு நீளக் கூந்தல் வந்திருந்தது. அந்த அறையில் முன்பு இறந்துபோன பெண் என்று ஒரு பின்கதையும் சேர்ந்திருந்தது. உள்ளங்கையை மட்டும் காணோம்.

சித்தி சொன்னது மெமரேட். உறவினர் சொன்னது ஸாகெ ஆகிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசம் காதில் விழும்படியான சொல்தான் நமக்கு வேண்டும்.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘நினைவுக்கதை’ லத்தீன் வேர்ச்சொல்லுக்கு நெருக்கம். ஆனால் தமிழில் அதைக் கேட்டால் நினைவஞ்சலியும் நினைவுக்குறிப்பும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. ‘அனுபவக்கதை’யில் ரயிலைத் தவறவிட்ட கதைகூட அடங்கிவிடும். ‘மெய்க்கதை’ எனக்கு மிகவும் பிடித்தது. மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை, இரண்டும் இங்கே பொருந்துகின்றன. இருந்தாலும், தொகுப்பவரே “இது உண்மை” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லாமல் பதிவு செய்வதுதான் இந்தத் துறையின் அடிப்படை நேர்மை. அதை விட்டுக்கொடுக்க முடியாது.

‘கண்டகதை’க்கு முதலில் நானே ஆதரவு தெரிவித்திருந்தேன். கண் மட்டும்தானே வருகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, கனவு கண்டேன் என்கிறோம், காய்ச்சல் கண்டது என்கிறோம், காண்பது கண்ணோடு நின்றுவிடுவதில்லை என்று பதிலும் எழுதினேன். அந்த வாதத்தில் இப்போதும் தவறில்லை. ஆனால் “கண்ட கதையெல்லாம் பேசாதே” என்ற வழக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது? பயந்து நடுங்கிய ஒருவர் மனம்விட்டுச் சொன்னதற்கு ‘கண்ட கதை’ என்று பெயர் வைத்தால் அவரை அவமதித்ததாகிவிடும். என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

அதற்குப் பதிலாக ‘பட்டகதை’யை முன்வைக்கிறேன்.

கண்ணில் பட்டது, காதில் பட்டது, மேலே பட்டது, மனதுக்குப் பட்டது. பார்வை, ஓசை, தொடுகை, உள்ளுணர்வு என எல்லாவற்றுக்கும் ‘படு’ ஒன்றே போதும். பேய்க்கதைகளில் இது முக்கியம், ஏனென்றால் பல பட்டகதைகளில் காட்சியே கிடையாது. சித்திக்கு நேர்ந்ததை உலகம் முழுக்க என்னவென்று அழைக்கிறார்கள் பாருங்கள். துருக்கியில் ‘கராபாசான்’, அதாவது கரிய அமுக்கி. நம் ‘அமுக்குவான்’ அதற்கு உடன்பிறப்பு. ஜப்பானில் ‘கனாஷிபாரி’, உலோகத்தால் கட்டியது போலக் கட்டுண்டு கிடப்பது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் ‘கிழவி’ வந்து உட்காருகிறாள். அங்குள்ளவர்களின் வாய்மொழியிலிருந்து தொடங்கி அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஹஃபோர்டு 1982இல் ஒரு நூலே எழுதினார். தூக்க முடக்கம் என்று மருத்துவம் சொல்லும் அதே நிலைதான். பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது, படுவது மாறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பின்லாந்து ஆய்வாளர் லௌரி ஹோன்கோ 1964இல் எழுதிய கட்டுரையில் கதிர் உலர்த்தும் கொட்டகை ஒன்று வருகிறது. இரவில் தனியாகத் தீயைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணயர்கிறார். ஏதோ அவரை எழுப்பிவிடுகிறது. அது கொட்டகையின் காவல் ஆவி என்பது அப்புறம்தான், தெரிந்தவர்களோடு பேசும்போது, உறுதிப்படுகிறது. முதலில் படுகிறது, பிறகு பெயர் வருகிறது. ‘பட்டது’ என்ற சொல் எது பட்டது என்று முந்திக்கொண்டு சொல்வதில்லை. இந்த அடக்கம் வேறெந்தப் பரிந்துரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தனிமடலில் வந்த மறுப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பட்ட மரம் என்றால் காய்ந்த மரம் ஆயிற்றே என்றார் ஒருவர். ‘பட்டறிவு’ என்ற சொல்லைக் கேட்கும்போது யாருக்கும் காய்ந்த அறிவு நினைவுக்கு வருவதில்லை. அதே வழியில் இதுவும் பழகிவிடும். நடுகற்களில் ‘பட்டான்’ என்றால் போரில் விழுந்து இறந்தவன் என்று இன்னொருவர் சுட்டிக்காட்டினார். இது கனமான மறுப்பு. அதனால் கதை சொல்பவரைப் ‘பட்டவர்’ என்று குறிக்க வேண்டாம், ‘பட்டகதை சொன்னவர்’ என்றே எழுதுவோம். எழுத்துக்கூட்டலில் ஒரு வேண்டுகோள்: நடுவில் ‘க்’ போடாதீர்கள். பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. ‘பட்டக்கதை’ என்று எழுதினால் அது பட்டம் விட்ட கதை ஆகிவிடும்.

இதற்கு இணையாக ஸாகெக்குக் ‘கேட்டகதை’ என்று வைக்கலாமா? ‘பழமரபுக்கதை’ ஏற்கனவே புழக்கத்தில் இருப்பது தெரியும். ஆனால் கார் ஓட்டுநர் வழியில் ஏற்றிக்கொண்ட பெண் இறங்குமுன்பே மாயமாகிவிடும் கதையை அதில் எப்படிச் சேர்ப்பது? 1942இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் அதன் 79 வடிவங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். காரில் நடக்கிற கதையில் பழமையும் இல்லை, மரபும் இல்லை. எப்போதும் நண்பனின் நண்பனுக்குத்தான் நடந்திருக்கிறது.

அதே கதை பட்டகதையாகவும் வரும் என்பதுதான் என்னை உலுக்கியது. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் இஷினோமாகி நகரில், ஒரு பல்கலைக்கழக மாணவி 100க்கும் மேற்பட்ட டாக்சி ஓட்டுநர்களிடம் பேசினார். ஏழு பேர் தங்களுக்கே நேர்ந்ததாகச் சொன்னார்கள். ஒருவரின் வண்டியில் கோடைக்காலத்தில் குளிர்கோட்டு அணிந்த பெண் ஏறி, மினாமிஹாமா போகவேண்டும் என்கிறார். அங்கே இப்போது ஒன்றுமே இல்லையே என்கிறார் ஓட்டுநர். “நான் இறந்துவிட்டேனா?” என்று அந்தப் பெண் கேட்கிறார். திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. 79 வடிவங்களில் இருக்கும் அதே எலும்புக்கூடுதான். ஆனால் இங்கே “என் வண்டியில்” என்று சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார்.

எல்லையில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. அம்மாவுக்குப் பட்டதை மகள் சொன்னால் அது எதில் சேரும்? ஃபான் சீடோவின் வரையறை தன்னனுபவத்தோடு நின்றுவிடுகிறது. பின்னால் வந்தவர்களில் சிலர் ஒரு கை மாறியதையும் சேர்க்கலாம் என்றார்கள். பட்டவரைச் சொல்பவருக்கு நேரில் தெரியுமானால் ‘ஒருவாய் பட்டகதை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அதற்கு மேல் போனால் கேட்டகதை. ‘ஒருவாய்’ என்பது சோற்றை நினைவூட்டுகிறது, அதில் எனக்கே திருப்தி இல்லை. வேறு சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அதுவரை என் குறிப்புகளில் அந்த ஓர் இடத்தை வெற்றாக விட்டுவைக்கிறேன்.

அன்புடன்.