ஆண்ட் பில்ட் ஸ்கிரிப்ட் பிராக்ஸியைத் தானாகக் கண்டுகொள்ள வழி உண்டா?

நொய்யல்கரையான்:
நண்பர்களுக்கு வணக்கம். நான் வேலை பார்க்கும் சரவணம்பட்டி அலுவலகத்தில் பிராக்ஸி என்னும் இடைநிலை சர்வர் வழியாகத்தான் இணையம் கிடைக்கும். வார இறுதியில் அதே லேப்டாப்பைப் புஞ்சைப் புளியம்பட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்றால் அங்கே பிராக்ஸி கிடையாது. ஜாவா நிரல்களைத் தொகுக்கும் ஆண்ட் கருவிக்கான பில்ட் கோப்பில், பிராக்ஸியின் முகவரியைச் சொல்லும் செட்பிராக்ஸி வரியை ஒவ்வொரு முறையும் கமெண்ட் செய்து முடக்குவதும் கமெண்டை எடுப்பதுமாக இருக்கிறேன். போன வாரம் மறந்துபோய் அந்த வரியோடு அப்படியே பொதுக் களஞ்சியத்தில் கமிட் செய்துவிட, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஈரோட்டு நண்பருக்கு நிரலுக்கு வேண்டிய நூலகக் கோப்புகள் இறங்காமல் பாதி நாள் வீணானது. ‘ஹெச்டிடிபி பிராக்ஸி’ என்னும் சூழல் மாறியை (இயங்குதளம் நிரல்களுக்குத் தரும் மதிப்பு) வைத்துப் பார்த்தும் பயனில்லை.

பாலாற்றான்:
ஜாவா அந்தச் சூழல் மாறியைத் தானாகப் படிப்பதில்லை. ஆண்ட் 1.7 முதல் ‘-ஆட்டோபிராக்ஸி’ என்னும் விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் விண்டோஸிலோ லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலோ அமைத்துள்ள பிராக்ஸியை ஜாவா எடுத்துக்கொள்ளும். அதை ‘ஆண்ட் ஆர்க்ஸ்’ சூழல் மாறியில் ஒரு முறை எழுதி வைத்தால் போதும்.

சத்திரோடு:
அது மேசைக்கணினிக்குச் சரி. டெஸ்க்டாப் சூழலே இல்லாத பில்ட் சர்வரில் எடுபடாது. நான் செய்வது வேறு. ஆண்டின் ‘கண்டிஷன்’ என்னும் நிபந்தனைக் கட்டளைக்குள் ‘சாக்கெட்’ என்றொரு சோதனை உண்டு. பிராக்ஸியின் பெயரையும் போர்ட்டையும் அதற்குக் கொடுத்தால், இணைப்பு கிடைக்கும் இடத்தில் மட்டும் ஒரு பிராப்பர்ட்டி (பெயரிட்ட மதிப்பு) உருவாகும். செட்பிராக்ஸியைத் தனி டார்கெட்டில் (பில்ட் கோப்பில் பெயரிட்ட ஒரு படி) வைத்து, அந்த பிராப்பர்ட்டி இருந்தால் மட்டுமே ஓடுமாறு ‘இஃப்’ போட்டு, கோப்புகளை இறக்கும் டார்கெட் அதைச் சார்ந்திருக்கும்படி எழுதுங்கள். ஐபி எண்ணைவிட அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயரைக் கொடுப்பது மேல். வீட்டில் அந்தப் பெயர் கிடைக்காமல் சோதனை பெரும்பாலும் உடனே முடிந்துவிடும், ஐபி என்றால் பதிலுக்காகக் காத்துக் கிடக்க நேரலாம். பிராக்ஸி முகவரியை ‘கிட்’ களஞ்சியத்தில் சேராத தனி பிராப்பர்ட்டீஸ் கோப்பில் வையுங்கள். கடவுச்சொல்லைப் பில்ட் கோப்பில் எழுதுவதை நான் எங்கே கண்டாலும் திட்டுவேன்.

நொய்யல்கரையான்:
ஐயா, சாக்கெட் வழி வேலை செய்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் அலுவலகத்துக்குள்ளேயே உள்ள நூலகக் கோப்புகளை வைத்திருக்கும் எங்கள் ரெப்பாசிட்டரி சர்வருக்கான கோரிக்கையும் பிராக்ஸிக்கே போய்த் திரும்பி வருகிறது. பிராக்ஸி வேண்டாத சர்வர்களைச் சொல்லும் செட்பிராக்ஸியின் ‘நான்பிராக்ஸிஹோஸ்ட்ஸ்’ பண்பில் இரண்டு பெயர்களைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சத்திரோடு:
காற்புள்ளிதான் காரணம். சூழல் மாறியில் அது செல்லும். ஜாவாவுக்குப் பெயர்களிடையே செங்குத்துக் கோடு வேண்டும்.

நொய்யல்கரையான்:
கோட்டைப் போட்டதும் சரியாகிவிட்டது. சனிக்கிழமை வீட்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.