மறுமொழி: பார்ச்மென்ட் பேப்பருக்குத் தமிழில் என்ன? ‘தோற்றாள்’ வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கேக்கும் பிஸ்கட்டும் ஒட்டாமல் வேக அடியில் விரிக்கும் பார்ச்மென்ட் பேப்பருக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். வந்த யோசனைகளுக்கு என் பதில் இதோ.

> பார்ச்மென்ட் என்பது பதப்படுத்திய விலங்குத் தோல். விவிலியத் தமிழில் ‘தோற்சுருள்’ உண்டு. ‘தோல்தாள்’ எனலாமே?

ஐயா, தோலும் தாளும் புணர்ந்தால் ‘தோற்றாள்’ ஆகிவிடும். கேக் செய்யப் புகுந்தவளை மாவு பிசையும் முன்பே தோற்கடிக்க வேண்டுமா? அதோடு இந்தத் தாளில் தோல் துளியும் இல்லை. மரக்கூழ்த் தாளைக் கந்தக அமிலத்தில் தோய்த்து உடனே கழுவி எடுக்கிறார்கள். இழைகளின் மேற்பரப்பு குழைந்து இடைவெளிகள் அடைபடுகின்றன. பார்வைக்குத் தோல் போலிருந்ததால் வந்த பெயர் அது. நம் ‘தாள்’ என்ற சொல்லுக்கே நெல்லின் தண்டு என்று பொருள் இருக்கும்போது, ஆட்டுத்தோலைத் தேடிப் போவானேன்?

> கடையில் பட்டர் பேப்பர் என்றுதான் கேட்கிறோம். ‘வெண்ணெய்த்தாள்’ போதாதா?

என் வழக்கே இதில்தான். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு கடையில் பட்டர் பேப்பர் கேட்டேன். “படம் வரையவா, பலகாரத்துக்கா?” என்றார் கடைக்காரர். கட்டட வரைபடத்துக்குப் பயன்படும், ஒளி கசியும் தாளுக்கும் நம் ஊரில் அதே பெயர். பலகாரத்துக்கு என்று சொல்லி வாங்கிவந்தேன். போளி தட்ட அருமையாக இருந்தது. அதே தாளை விரித்து நாட்டுச்சர்க்கரை பிஸ்கட்டை அவனில் வைத்தேன். அடிப்பாகம் தாளோடு ஒன்றிப்போனது. சுரண்டித்தான் சாப்பிட்டோம்.

குற்றம் பெயரில் இருக்கிறது. அந்தத் தாள் எண்ணெயை ஊடுருவ விடாது, அவ்வளவுதான். ஒட்டாமல் உரிந்து வர அதன்மேல் சிலிக்கோன் பூச்சு வேண்டும். இரண்டு தாள், இரண்டு வேலை. ஆகவே பூச்சு இல்லாததை ‘நெய்புகாத்தாள்’ என்றும், பூச்சு உள்ளதை ‘ஒட்டாத்தாள்’ என்றும் சொல்லலாம். ‘ஒட்டாத’ என்பதன் கடைசி எழுத்து கெட்டு ‘ஒட்டா’ என நிற்கிறது. ‘ஓடாக்குதிரை’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். நெய் என்றால் பசுநெய் மட்டும்தானே என்று யாராவது கேட்பீர்கள். எண்ணெய்க்குள்ளும் வெண்ணெய்க்குள்ளும் இருப்பது அதே நெய்தான்.

‘அடுமனைத்தாள்’ அழகான சொல். ஆனால் தோசைக்கல்லில் மீனைச் சுற்றி வாட்டுகிறவருக்கு அடுமனை எங்கே?

‘மெழுகுத்தாள்’ அப்படியே இருக்கட்டும். பெயரே எச்சரிக்கை. பாரஃபின் மெழுகு 50 முதல் 70 டிகிரிக்குள் உருகிவிடும். கேக் வேகும் சூடு 180. ஒட்டாத்தாள் பெட்டிகளில் பெரும்பாலும் 220 டிகிரி வரை என்று அச்சிட்டிருக்கும். ஆனாலும் நேரடித் தணலுக்கு அருகில் வைத்தால் ஓரம் கருகும்.

ஃபாயிலுக்கு ‘அலுமினியத் தாள்’ நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். புளியோ எலுமிச்சையோ தடவிய மீனாக இருந்தால் மட்டும் உள்ளே ஒரு ஒட்டாத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து

---

மறுமொழி:

அம்மா, தோற்றாள் தோற்றாள். என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒட்டாத்தாளுக்கே என் வாக்கு. ஆனால் “பிஸ்கட்டை அவனில் வைத்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மடலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டம்மா அடுக்களையிலிருந்து “எவனில்?” என்று கேட்கிறார். அடுத்து அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோமா?