குளக்கட்டு நினைவிடம்: தூணுக்கு மாற்றாக ஒரு தோப்பு

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

போரில் இறந்த நம் ஊரவர்களுக்காகக் குளக்கட்டில் கருங்கல் தூண் எழுப்பும் முன்மொழிவைப் படித்தேன். நினைவிடம் கட்டாயம் வேண்டும். அது தூணாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை மட்டும் சற்று ஆறுதலாக யோசிக்கும்படி வேண்டுகிறேன்.

நான் வாழும் இங்கிலாந்தின் வடமேற்கில், லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், கிரேட் கேபிள் என்றொரு மலை உண்டு. உயரம் 899 மீற்றர். முதலாம் உலகப் போரில் தன் உறுப்பினர்களை இழந்த அப்பகுதி மலையேறிகள் சங்கம், அவர்களுக்காக எதையும் கட்டாமல், அந்த மலையையும் சூழவுள்ள உயர்நிலங்களையும் விலைக்கு வாங்கி, எல்லோரும் நடமாடும் பொதுநிலமாக 1923இல், இயற்கை நிலங்களையும் மரபிடங்களையும் பேணும் நஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கையளித்தது. மறு ஆண்டு உச்சிப் பாறையில் பெயர்கள் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று பதிக்கப்பட்டது, அவ்வளவுதான். இன்றும் நவம்பர் மாத நினைவு ஞாயிறன்று, மழையென்றும் குளிரென்றும் பாராமல் மக்கள் அங்கே ஏறிச் சென்று மௌனமாக நிற்கிறார்கள். இறந்தவர்கள் விரும்பித் திரிந்த நிலத்தில் நடந்து போவதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

அவுஸ்திரேலியாவின் பல்லரற் நகரில், லூக்காஸ் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் 1917 முதல் 1919 வரை, போருக்குச் சென்றோர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 3,700க்கும் மேற்பட்ட மரங்களை ஏறத்தாழ 22 கிலோமீற்றர் நீளச் சாலையோரம் நட்டார்கள். படையில் சேர்ந்த வரிசையிலேயே அவை நிற்பதால், அதிகாரியின் மரம் என்றோ சிப்பாயின் மரம் என்றோ பிரிவில்லை. நம் ஊருக்கு மிகவும் தேவையானது இந்த ஒழுங்குதான். ஆயுதம் ஏந்தியவர், ஏந்தாதவர், குழந்தை என்று பிரிக்காமல் ஒரே தோப்பில் எல்லோருக்கும் மரம் இருக்கட்டும்.

கட்டின் மேல் நட்டால் வேர்கள் கட்டைப் பழுதாக்கும். ஆகவே அதற்கு அப்பாலுள்ள மேட்டுநிலத்தில் மருது, வேம்பு, இலுப்பை ஆகியவற்றை ஐப்பசி மழையோடு நடலாம். தூணுக்கென ஒதுக்கிய பணத்தை மாடுகள் நுழையாத வேலிக்கும், முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்றுபவரின் சம்பளத்துக்கும் பயன்படுத்தலாம். நடுவதைவிட அந்தக் கோடைகளைத் தாண்டவைப்பதே கடினம்.

அடுத்த கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு குடும்பமும் தம்மவரின் பெயரையும் விருப்பமான மரத்தையும் செயலாளருக்கு எழுதி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.